திருப்பூர் டி-ஷர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆறும் ஆட்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடைத் தொழிலில் அறம், சுற்றுச்சூழல் என்று பேச்சு வந்தாலே சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், விஷயம் அப்படி.

உலகம் முழுக்க நடக்கும் தொழில் இது. ஏன் திருப்பூரையே பேச வேண்டும்?

இந்தியா ஏற்றுமதி செய்யும் பின்னலாடையில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்துதான் போகிறது. 2022-23 நிதியாண்டில் அதன் மதிப்பு சுமார் 34,000 கோடி ரூபாய். நிட்டிங், சாயம், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாமே ஒரே ஊரைச் சுற்றி நடக்கின்றன. ஐரோப்பாவில் ஒருவர் போடும் டி-ஷர்ட்டால் எந்த ஆறு கெட்டது, யார் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்பதை இங்கே நேராகப் பார்க்க முடியும், மற்ற இடங்களில் அது நாலு நாடுகளில் சிதறிக் கிடக்கும். அதோடு, தப்பு நடந்து, கோர்ட்டுக்குப் போய், ஓரளவு திருத்தப்பட்டதும் இதே ஊரில்தான். கெட்டதை மட்டும் சொல்லிவிட்டுப் போவதில் யாருக்கும் பயனில்லை, எது வேலை செய்தது என்றும் தெரிய வேண்டும்.

ஒரு டி-ஷர்ட் தயாராவதில் தண்ணீரை அதிகம் கெடுப்பது எது?

சாயம் போடுவது. பலரும் நிறம்தான் பிரச்சினை என்று நினைக்கிறார்கள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அதுதான். உண்மையில் பெரிய தலைவலி உப்பு.

பருத்திக்குப் பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். தண்ணீரில் நனைந்த பருத்தி இழையும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலகலை முறித்து சாயத்தை இழைக்குள் தள்ளத்தான் உப்பு. பிறகு சோடா ஆஷ் போட்டுச் சாயத்தைப் பிடிக்கவைப்பார்கள். வெளிர் நிறத்துக்குக் குறைவாகப் போதும். கருப்பு, நேவி ப்ளூ, அடர் சிவப்பு என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் வரைகூடப் போகும். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் உப்பு, அதைவிட இருமடங்குக்கு மேல் இது. ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், அடர் நிறத்தில் ஒரு கிலோ துணிக்கே அரைக் கிலோவுக்கு மேல் உப்பு இறங்குகிறது. சாயத்திலாவது ஒரு பகுதி துணியில் தங்குகிறது, உப்பு துளிகூடத் தங்காது. மொத்தமும் கழிவுநீரில்தான் வெளியே வரும். அதற்குப் பிறகு நாலைந்து தடவை அலசுகிற தண்ணீர் வேறு.

சாதாரணச் சுத்திகரிப்பில் நிறத்தை நீக்கிவிடலாம், நாற்றத்தை நீக்கிவிடலாம். கரைந்த உப்பை நீக்க முடியாது. பார்ப்பதற்குத் தெளிவாக இருக்கும் தண்ணீர் வயலுக்குப் போனால் மண் போய்விடும்.

நொய்யல் ஆற்றுக்கு என்னதான் ஆயிற்று?

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரிலேயே காவிரியில் கலக்கிற ஆறு. மழைக்காலத்தில் மட்டும் நன்றாக ஓடும். மற்ற மாதங்களில் அதில் ஓடியது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடையும் சாயப்பட்டறைத் தண்ணீரும்தான். ஏற்றுமதி ஏற ஏறப் பட்டறைகளும் பெருகின. ஒரு கட்டத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, பிளீச்சிங் பட்டறைகள், நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்கு மேல் கழிவுநீர்.

சென்னிமலைக்குப் பக்கத்தில், இதே நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையை 1992-இல் பாசனத்துக்காகத் திறந்தார்கள். மழைத் தண்ணீரைத் தேக்கி வயலுக்கு விட வேண்டிய அணை, சில வருடங்களிலேயே திருப்பூரின் சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாகிவிட்டது. யாருக்காக அணை கட்டினார்களோ அந்த விவசாயிகளே "தண்ணீரைத் திறக்காதீர்கள்" என்று கேட்கும் நிலை. தேங்கிய தண்ணீர் நிலத்தடிக்கு இறங்கிச் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் உப்பாகின. மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்காது. தென்னை காய்ப்பு விட்டது. மஞ்சளும் நெல்லும் போட்டவர்கள் நிலத்தைத் தரிசாக விட்டுவிட்டு, எந்தத் தொழில் தங்கள் கிணற்றைக் கெடுத்ததோ அதே தொழிலுக்குக் கூலிக்குப் போனார்கள். எனக்கு இதில் ஆறவே ஆறாத பகுதி இதுதான்.

நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் பாதுகாப்புச் சங்கம் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2006 டிசம்பரில் வந்த உத்தரவு, வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டர் கழிவுநீருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம் என்றது. மேல்முறையீட்டில் 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் நின்றது, ஒரு சொட்டுக் கழிவுகூட வெளியே போகக் கூடாது என்று மூன்று மாதக் கெடுவும் கொடுத்தது. கெடு முடிந்தும் கழிவு நிற்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாப் பட்டறைகளையும் மூடி, மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டது.

ஊரே ஆடிப்போனது. சாயம் போடாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை, சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பியிருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய கஷ்டத்தைச் சின்னதாகச் சொல்லவே மாட்டேன். ஆனால் அதற்கு முன்பு பல வருடங்களாகக் கூட்டம், கமிட்டி, காலக்கெடு, வாக்குறுதி எல்லாம் வந்து போயிருந்தன. ஆற்றில் கழிவு விடுவது நின்றது கரண்ட்டைப் பிடுங்கிய பிறகுதான்.

சரி, இப்போது சாயக்கழிவு ஆற்றில் போவதில்லையா?

இப்போது பட்டறைகள் ஜீரோ டிஸ்சார்ஜ் முறையில்தான், அதாவது கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாமல்தான், ஓட வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நிமிர்த்த மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அங்கே நடப்பது சுருக்கமாக இதுதான். முதலில் நுண்ணுயிர்களை விட்டு நிறத்தையும் அழுக்கையும் குறைக்கிறார்கள். அப்புறம் ஆர்.ஓ. சவ்வுகளில் பல கட்டமாக வடிகட்டி நல்ல தண்ணீரைப் பிரித்துப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலில் ஒரு பகுதி அடுத்த சாயத்துக்கே போகிறது, மீதியை ஆவியாக்கியில் காய்ச்சி உப்பாக எடுக்கிறார்கள். தண்ணீரில் 90 சதவிகிதத்துக்கு மேல் திரும்பக் கிடைக்கிறது. இத்தனை பெரிய தொழில் நகரம் முழுவதும் இப்படி மாறியது உலகத்திலேயே அபூர்வம், திருப்பூர்க்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொல்ல முடியாது. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை எதற்கும் பயன்படுத்த முடியாமல் மூட்டை மூட்டையாகக் கட்டி ஷெட்டில் அடுக்கிவைக்கிறார்கள். ஆவியாக்கிக்கு ஏகப்பட்ட நீராவியும் மின்சாரமும் வேண்டும், ஆற்றைக் காப்பாற்ற பாய்லரில் விறகு எரிகிறது. 2011-இல் இங்கே மூடியதும் அக்கம்பக்கத்து மாவட்டங்களில் அனுமதியில்லாத பட்டறைகள் முளைத்தன. கெட்டுப்போன கிணறுகள் எல்லாம் ஒரு தீர்ப்பால் இனிப்பாகிவிடாது, உப்பு மண்ணிலேயே இருக்கிறது.

சுமங்கலித் திட்டம் என்றால் என்ன?

பெயரைக் கேட்டால் அரசாங்கத் திட்டம் போல இருக்கும், இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பு ஆலைகள் ஆள் பிடிக்கக் கண்டுபிடித்த வழி. தென் மாவட்டங்களில் ஏழை வீடுகளுக்கு, அதிலும் பெரும்பாலும் தலித் வீடுகளுக்கு, ஏஜென்ட் போவார். பெண் மூன்று வருடம் மில்லில் வேலை செய்தால் முடிவில் மொத்தமாக முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ கிடைக்கும், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பார். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்கள் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தார்கள். வெளியே போக அனுமதி கிடையாது, போனில் பேசக் கட்டுப்பாடு, ஷிப்ட்டுக்கு மேல் ஷிப்ட். இரண்டரை வருடத்தில் உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குப் போனால் அந்த மொத்தப் பணமும் கிடைக்காமல் போகும். அது ஏதோ பரிசு இல்லை என்பதைக் கவனியுங்கள், மாதாமாதம் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தைப் பிடித்துவைத்த பணம்.

2011-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கை, இந்த மில் நூல் எந்தெந்த ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகளுக்குப் போகிறது என்று காட்டியதும் சத்தம் எழுந்தது. அந்தப் பெயரில் விளம்பரம் செய்வது குறைந்தது. ஹாஸ்டலில் அடைத்துவைத்து வேலை வாங்கும் பழக்கம் வேறு பெயர்களில் ஓடியது, கேம்ப் கூலி என்று ஊரில் சொல்வார்கள். சர்டிபிகேட் வாங்கிய ஏற்றுமதி நிறுவனத்தின் தையல் கூடம் பளிச்சென்று இருக்கும். நூல் எங்கிருந்து வந்தது என்று இரண்டு படி பின்னால் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு.

ஆடிட், சர்டிபிகேட் எல்லாம் இருக்கிறதே, அது போதாதா?

கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆலை 2012 செப்டம்பரில் எரிந்தது. ஜன்னல்களில் கம்பி, வெளியேற வழி இல்லை, 250-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். தீ பிடிப்பதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கிடைத்திருந்தது.

அடுத்த வருடம் ஏப்ரல் 24, டாக்கா அருகே சாவரில் ரானா பிளாசா. எட்டு மாடிக் கட்டடம், முந்தின நாளே சுவரில் விரிசல். கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டது. மேலே இருந்த ஆடை ஆலைகள் வராவிட்டால் சம்பளம் பிடிப்போம் என்று மிரட்டி ஆட்களை உள்ளே ஏற்றின. 1,134 பேர் செத்தார்கள். அங்கிருந்த ஆலைகளிலும் சிலவற்றில் சமூகத் தணிக்கை நடந்திருந்தது, கட்டடம் நிற்குமா என்பது அந்தத் தணிக்கையின் கேள்வித்தாளில் இல்லை.

ஆடிட்டர் வருவது பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். அவருக்குக் கட்டணம் கொடுப்பது பல நேரம் ஆலையே. தொழிலாளியிடம் பேசும்போது சூப்பர்வைசர் பத்தடி தள்ளி நிற்பார். இந்த நிலைமையில் என்ன உண்மை வெளியே வரும்? அதோடு, ஆடிட் நடப்பது பெரிய கம்பெனியில். அவசர ஆர்டர் போவது சந்துக்குள் இருக்கும் பவர் டேபிள் யூனிட் என்கிற சின்னத் தையல் கூடத்துக்கு, ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்க. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, பீஸ் ரேட்டில் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம்.

அப்படியானால் எதுதான் வேலை செய்தது?

கையெழுத்துப் போட்டவரை மீற முடியாதபடி கட்டிப்போடுகிற ஒப்பந்தங்கள். ரானா பிளாசாவுக்குப் பிறகு 2013 மே மாதம் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வங்கதேச அக்கார்டு போட்டார்கள். இரு நூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன. சுயேச்சையான பொறியாளர்கள் ஆலைகளைச் சோதித்து அறிக்கையை வெளிப்படையாக வைத்தார்கள். சரிசெய்யாத ஆலையிலிருந்து பிராண்டு சரக்கு எடுக்கக் கூடாது, பிராண்டு ஏமாற்றினால் அதன்மீதே வழக்குப் போடலாம். ஆயிரத்து அறுநூறு ஆலைகள் அளவுக்கு தீக் கதவு, மின்வயரிங், தூண்கள் எல்லாம் சீரானது இதனால்தான்.

நம் பக்கத்தில் திண்டுக்கல் ஒப்பந்தம். 2021 ஜனவரியில் திண்டுக்கல் அருகே ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இருபது வயது தலித் பெண் கொல்லப்பட்டார், கைதானவர் அவருடைய சூப்பர்வைசர். அந்த ஆலையில் பாலியல் தொல்லை புதிதல்ல என்று பெண்கள் வெளியே வந்து பேசினார்கள். பெண்களே நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலையின் தாய் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. அங்கே துணி வாங்கும் பிராண்டான எச் அண்ட் எம் கையெழுத்திட்டது, பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. தையல் லைனிலேயே வேலை செய்யும் பெண்களில் சிலர் பயிற்சி பெற்று, கெட்ட வார்த்தையில் திட்டுவது, மேலே கை வைப்பது, சாதி பேசுவது எதுவாக இருந்தாலும் பார்த்துப் புகார் செய்கிறார்கள். புகார் செய்தவரைப் பழிவாங்க முடியாது. ஆலை மீறினால் ஆர்டர் பாதிக்கும். முதல் வருடத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன, பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. புகாரே வராத ஆலையைவிட இப்படி நூறு புகார் வருகிற ஆலையில் என் வீட்டுப் பெண் வேலைக்குப் போவதைத்தான் விரும்புவேன்.

ஆர்கானிக் பருத்தி என்று போட்டிருந்தால் நம்பலாமா?

பாதி நம்பலாம். உலகில் அதிகம் ஆர்கானிக் பருத்தி விளைவது இந்தியாவில்தான், போலி நடப்பதும் இங்கேதான். 2020 அக்டோபரில் காட்ஸ் என்ற சர்வதேச முத்திரை அமைப்பே, இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்று போடப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்து 11 நிறுவனங்களைத் தடை செய்தது. இன்னொன்று, விதையும் உரமும் நல்லதாக இருந்தாலும் அந்தப் பருத்தி கடைசியில் ஏதோ ஒரு சாயப்பட்டறைக்குத்தான் போகிறது. லேபிளில் பாருங்கள், பருத்திக்கு மட்டும் சான்றா, சாயம் முதல் தையல் வரை சான்றா என்று. காட்ஸ் முழுச் சங்கிலிக்கும் போடுவது, அந்த வகையில் வெறும் "ஆர்கானிக்" என்ற சொல்லைவிட மேல்.

பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து செய்த துணி நல்லதுதானே?

2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்குப் போட்டு வந்த நீல ஜாக்கெட் இப்படிப்பட்டதுதான், கரூர் நிறுவனம் ஒன்றின் துணி. குப்பைக்குப் போகும் பாட்டிலை இழையாக்குவது திறமையான வேலை. ஆனால் பாட்டிலைத் திரும்பப் பாட்டிலாகவே ஆக்கலாம், பல தடவை. துணியானதும் அது அநேகமாக முடிந்த கதை, பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியைப் பிரித்து மறுபடி இழையாக்குவது இன்றும் கஷ்டம். துவைக்கிற ஒவ்வொரு தடவையும் நுண்ணிழைகள் சாக்கடைக்குப் போகின்றன. புதிதாகச் செய்த பாலியஸ்டரைவிட மேல், அவ்வளவுதான்.

கட்டிங்கில் மிஞ்சும் துணி என்ன ஆகிறது?

இதில் திருப்பூர் பழைய கெட்டிக்காரர். மெக்கானிக் கடையில் கையைத் துடைக்கும் பனியன் வேஸ்ட் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? கட்டிங் டேபிளில் விழும் துண்டுகளை நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்லில் மறுபடி நூலாக்கும் தொழிலும் பல வருடங்களாக இருக்கிறது. நீல நிறத் துண்டுகளிலிருந்து நீல நூலே வந்துவிடும், புதிதாகச் சாயம் போட வேண்டாம், உப்பும் வேண்டாம். மேலே சொன்ன சாயக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். தரம் பிரிக்கிற பெண்களின் கூலியையும் தூசியில் அவர்கள் நுரையீரலையும் யாராவது கவனித்தால், உலகத்துக்கே இதை மாதிரியாகக் காட்டலாம்.

உலகக் கார்பனில் 10 சதவிகிதம் ஆடைத் தொழிலால் என்கிறார்களே?

பல மேடைகளில் சொல்லப்படும் எண், பின்னால் தேடிப்போனால் உறுதியான கணக்கு இல்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பே பின்னாளில் 2 முதல் 8 சதவிகிதம் என்று எழுதியது. அந்த அளவும் பெரியதுதான், ஊதிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

கைத்தறி மட்டும் வாங்கினால் போதுமா?

வாங்குங்கள், நானும் வாங்குகிறேன். கரண்ட் தேவையில்லை, பணம் ஊரிலேயே நிற்கிறது. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற கூட்டுறவுகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று விற்பது சர்வசாதாரணம், 1985 ஒதுக்கீட்டுச் சட்டம் 11 வகைகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியும்கூட. கைத்தறி முத்திரை பார்த்து வாங்குங்கள். அந்த நூலுக்கும் சாயம் போட்டிருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். தினமும் போடும் பனியனும் ஜட்டியும் கைத்தறியில் வராது என்பதால் திருப்பூரைச் சரிசெய்யாமல் தப்பிக்க வழியில்லை.

விலை அதிகமான பிராண்டு என்றால் நியாயமாகத்தானே தயாரித்திருப்பார்கள்?

இல்லை. நூறு ரூபாய் டி-ஷர்ட்டும் மூவாயிரம் ரூபாய் டி-ஷர்ட்டும் ஒரே பட்டறையில் சாயம் ஏறி, பக்கத்துப் பக்கத்து லைனில் தைக்கப்படுவது உண்டு. 2018-இல் பர்பெரி நிறுவனம் விற்காமல் போன 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்தது தெரியவந்தது, மலிவாக விற்றால் பெயர் கெட்டுவிடுமாம். எதிர்ப்பு வந்த பிறகே நிறுத்தினார்கள்.

அந்த மாதிரி பிராண்டை நாம் புறக்கணித்துவிட்டால்?

தைக்கிறவர்கள் கேட்டால் ஒழியச் செய்யாதீர்கள். ஆர்டர் நின்றால் முதலில் வேலை போவது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து லைன் வீட்டில் எட்டுப் பேராகத் தங்கியிருப்பவருக்கு. கொரோனா சமயத்தில், 2020 மார்ச் மாதம், பிராண்டுகள் ஏற்கனவே தைத்து முடித்த சரக்கைக்கூட வேண்டாம் என்றபோது வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர் ரத்தானது அல்லது நின்றது. அப்போது வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் "கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடு" என்று பெயர் சொல்லி நெருக்கியதில் பல பிராண்டுகள் பணிந்தன. வாங்குகிறவராக நின்று கேட்டதற்கு பலன் இருந்தது.

கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்: உங்கள் ஆலைகளின் பட்டியலை வெளியிட்டிருக்கிறீர்களா? அதில் சாயப்பட்டறையும் நூற்பு மில்லும் ஜாப் ஒர்க் யூனிட்டும் உண்டா? அங்கே சங்கம் வைக்க விடுகிறீர்களா? நைக்கி 2005-இலேயே ஆலைப் பட்டியலை வெளியிட்டது, ஆகவே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. நம் ஊர் பிராண்டுகளையும் இதே மாதிரி கேட்க வேண்டும், வெளிநாட்டுக்காரர்களை மட்டும் கேட்டுவிட்டு உள்ளூர்க் கடையில் சும்மா இருந்துவிடுகிறோம்.

இதையெல்லாம் செய்தால் துணி விலை ஏறிவிடாதா?

கொஞ்சம் ஏறும். ஐரோப்பியத் தொழிலாளர் உரிமை அமைப்புகள் போட்டு, பரவலாகப் பேசப்பட்ட ஒரு கணக்கில், 29 யூரோவுக்கு விற்கும் டி-ஷர்ட்டில் அதைத் தைத்தவருக்குப் போனது 18 சென்ட். கூலியை இரட்டிப்பாக்கி அதை அப்படியே வாங்குபவர் தலையில் கட்டினாலும் விலை 29 யூரோ 18 சென்ட்தான் ஆகும். சாயத்துக்கும் அதே மாதிரிதான். ஜீரோ டிஸ்சார்ஜ் செய்யும் திருப்பூர் பட்டறைக்குக் கிலோவுக்குச் செலவு கூடுகிறது. ஆற்றில் கழிவை விடுகிற வேறு ஊர், வேறு நாட்டுப் பட்டறையோடுதான் விலையில் அது போட்டி போட வேண்டியிருக்கிறது. பையர் இரண்டு பேருக்கும் ஒரே விலைதான் பேசுகிறார், தன் வருடாந்திர அறிக்கையில் மட்டும் திருப்பூரின் சுத்திகரிப்பு நிலையத்தைப் படம் போடுகிறார். அந்தக் கூடுதல் ரூபாயை ஆர்டர் விலையிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்ல வேண்டும், ஏற்றுமதியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒரே பக்கம் உட்கார்ந்து கேட்கக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறதென்றால் அது இதுதான்.